எண்ணெய் வற்றிய விளக்கில் எரியும் திரி
அருங்காட்சியகக் கல்விப் பணியாளரும் அவர்தம் பணிச்சோர்வும்

பாடசாலை நாளொன்றில், காலை பத்து மணியளவில், நாம் வாழும் பெருநகரங்களின் அருங்காட்சியக வாசல் எதிலேனும் சற்று நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாமற் கண்ணிற்படும். மஞ்சள் மேலங்கி அணிந்த சிறுவர் முப்பது பேர் இருவர் இருவராகக் கைகோத்து வருவர். அவர்களை எதிர்கொள்ள ஒருவர் உள்ளேயிருந்து வருவார். முகத்திற் புன்னகையோடு, தரையில் அமரச் சொல்லி, கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் மூவாயிரம் ஆண்டு பழைமையான மட்பாண்டத்தைச் சுட்டிக்காட்டி, "இதனை யார் செய்திருப்பார்?" என்று கேட்பார். ஒரு மணி நேரத்தின் பின் அச்சிறுவர் வெளியேறுவர். அடுத்த முப்பது பேர் வந்து நிற்பர். அதே புன்னகை, அதே வினா. பிற்பகலில் மூன்றாவது குழு வரும்.

அச்சிறுவர்களில் எம் பிள்ளைகளும் உள்ளனர். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் எகிப்தியரின் மம்மிகளைப் பற்றியோ உரோமரின் வீதிகளைப் பற்றியோ பிள்ளை ஓயாமற் பேசும். பேச வைத்தவரின் பெயர் பிள்ளைக்குத் தெரியாது; எமக்கும் தெரியாது. அவருக்கு எவ்வளவு ஊதியம், அடுத்த மாதம் அவருக்கு வேலை உண்டா, மூன்றாவது குழுவை அனுப்பிய பின் அவர் எங்கே அமர்ந்து மூச்சு வாங்குகிறார் என்பதையெல்லாம் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இக்கட்டுரை அவரைப் பற்றியது.

இவர்கள் யார்?

அருங்காட்சியகத்திற் பணியாற்றுவோர் பலதரப்பட்டவர். பொருட்களைத் திரட்டி ஆய்ந்து பொறுப்பாகக் காப்பவர் ஒரு சாரார். கூடங்களிற் காவல் நிற்போர் இன்னொரு சாரார். இவ்விரு சாராருக்கும் இடையில், பொருளுக்கும் பார்வையாளருக்கும் பாலமாக நிற்பவரே கல்விப் பணியாளர். பாடசாலைக் குழுக்களை வழிநடத்துவதும், பட்டறைகள் நடத்துவதும், ஞாபக மறதி நோயுற்ற முதியோருக்குப் பழம்பொருட்களைத் தொட்டுணரக் கொடுத்து உரையாடுவதும், புதிதாக நாட்டுக்கு வந்து மொழி பயில்வோருக்கு ஓவியத்தின் முன் சொற்களைக் கற்பிப்பதும் இவர்கள் பணியே. பட்டப்படிப்பும், சில வேளைகளில் அதற்கு மேற்பட்ட படிப்பும் உடையவர்கள். எனினும் இவர்களிற் பெருந்தொகையினர் பகுதிநேரமாகவோ, ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கிலோ ஊதியம் பெறுகின்றனர். சுற்று இல்லாத நாளில் ஊதியமும் இல்லை.

"விரும்பிச் செய்யும் வேலைதானே" என்ற ஒரு சொல் இவர்களை நோக்கி அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. அச்சொல்லுக்குள் ஒரு பொறி இருக்கிறது. விருப்பம் இருப்பதால் ஊதியம் குறையலாம் என்றும், பற்று இருப்பதால் ஓய்வு வேண்டியதில்லை என்றும் நிர்வாகமும் நினைக்கத் தொடங்குகிறது. காலப்போக்கிற் பணியாளரும் அவ்வாறே நினைக்கப் பழகிவிடுகிறார். பணிச்சோர்வு முளைவிடும் இடம் இதுவே.

ஓர் அகதிச் சிறுவன் கொடுத்த பெயர்

இச்சோர்வை ஆங்கிலத்தில் 'பேர்ன் அவுட்' என்பர். எரிந்து தீர்ந்துபோதல் என்பது அதன் பொருள். விளக்கில் எண்ணெய் இருக்கும்வரை எரிவது எண்ணெய்தான். திரி அப்படியே இருக்கும். எண்ணெய் வற்றிய பின்னும் விளக்கை அணைக்காது விட்டால் திரியே எரியத் தொடங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வெளிச்சமாகவே தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இச்சொல்லை உளவியலில் நிலைநிறுத்தியவர் ஹேர்பேட் ஃபிராய்டன்பேர்கர். 1926இல் ஜேர்மனியின் பிராங்பேட் நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்த இவர், நாசிகளின் கொடுமையிலிருந்து சிறுவனாகத் தப்பி நியூயோர்க் சென்று சேர்ந்தவர் என்பது எம் வாசகர்கள் மனங்கொள்ளத்தக்கது. பின்னாளில் உளவியலாளராகி, ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையமொன்றிற் பணியாற்றியபோது, அங்கு மிகுந்த ஆர்வத்தோடு வந்த தொண்டர்கள் சில காலத்தில் உடலும் உள்ளமும் ஓய்ந்து, எரிச்சலும் அக்கறையின்மையும் மேலிட்டவர்களாக மாறுவதைக் கவனித்தார். அதே மாற்றத்தைத் தம்மிடமும் கண்டார். 1974இல் அதனைக் கட்டுரையாக எழுதினார். சோம்பேறிகளுக்கு இந்நிலை வருவதில்லை. மனமொன்றி உழைப்பவர்க்கே வருகிறது என்பது அவர் கண்ட உண்மை.

பின்னர் அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்ரினா மஸ்லாக் இதனை அளந்தறியும் முறையொன்றைச் சூசன் ஜக்சன் என்பவரோடு சேர்ந்து 1981இல் வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனம் தனது பதினோராவது நோய் வகைப்பாட்டில் இதற்கு 2019இல் தெளிவான வரைவிலக்கணம் அளித்தது. அதன்படி இது ஒரு நோயன்று. தொழிலோடு தொடர்புடைய ஒரு நிலை. வேலைத்தலத்தில் நீண்டகாலமாக நிலவும் அழுத்தம் உரிய முறையிற் கையாளப்படாமையால் விளைவது. அதன் அடையாளங்கள் மூன்று. முதலாவது, சக்தியெல்லாம் வடிந்த களைப்பு. இரண்டாவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிப்போதல் அல்லது அதன்மேற் கசப்பு. மூன்றாவது, தம் வேலைத்திறன் குன்றிப்போதல்.

இவ்வரைவிலக்கணத்தின் முக்கியத்துவம் யாதெனில், அது குற்றத்தைத் தனியாள் மீது சுமத்தாமையே. "நீர் மனத்திடம் இல்லாதவர்" என்று ஊழியரைப் பார்த்துச் சொல்வதற்கு இங்கு இடமில்லை. "உமது வேலைத்தலம் எவ்வாறு நடத்தப்படுகிறது?" என்பதே கேட்கப்பட வேண்டிய வினா.

கல்விப் பணியாளரின் சோர்வுக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் 1983இல் 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். தன் உள்ளத்தில் எது இருப்பினும், முகத்தில் வேலை கேட்கும் உணர்ச்சியைக் காட்டுவதும் ஓர் உழைப்பே என்பது அதன் சாரம். மூட்டை சுமப்பவரின் களைப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நாள் முழுவதும் புன்னகை சுமப்பவரின் களைப்பு எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இலண்டனில் இருபத்தேழு பேர்

இலண்டன் மாநகரின் நடுவே, ட்ரபல்கர் சதுக்கத்தில் உள்ள தேசிய ஓவியக்கூடம் உலகப் புகழ் வாய்ந்தது. அங்கு பாடசாலை மாணவருக்கும் குடும்பங்களுக்கும் ஓவியங்களை விளக்கிவந்த கல்விப் பணியாளர் இருபத்தேழு பேரின் பணி 2017ஆம் ஆண்டு ஒக்டோபரில் முடிவுக்கு வந்தது. அவர்களிற் பலர் பல்லாண்டுகள் அங்கு பணியாற்றியவர்கள். சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தது. வரி கழிக்கப்பட்டே ஊதியம் வழங்கப்பட்டது. ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் 'சுயதொழில் செய்வோர்' என்றே நிர்வாகம் கொண்டிருந்தது. அதனால் விடுமுறைச் சம்பளமோ, நோயுற்ற காலக் கொடுப்பனவோ, ஆட்குறைப்பு இழப்பீடோ அவர்களுக்கு இல்லை என்றாயிற்று.

இருபத்தேழு பேரும் ஒன்றுசேர்ந்தனர். வழக்குச் செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொழில் நியாயமன்றத்தை நாடினர். தற்காலிக ஒழுங்குகளுக்குப் பதிலாக உறுதியான வேலைகளை ஏற்படுத்தவே மாற்றம் செய்யப்பட்டதென நிர்வாகம் வாதிட்டது. 2019இல் தீர்ப்பு வந்தது. அவர்கள் சுயதொழில் செய்வோர் அல்லர், சட்டப்படி 'வேர்க்கர்' என்னும் வகையினர் என நியாயமன்றம் கூறியது. அதேவேளை, முழு உரிமையுள்ள 'எம்ப்ளோயி' என்னும் ஊழியர் வகையில் அவர்களைச் சேர்க்க அது மறுத்துவிட்டது. ஆகவே வெற்றி பாதியே. எனினும் அது சிறியதொன்றன்று.

இவ்விரு சொற்களின் வேறுபாட்டை எம்மவர் அறிந்திருத்தல் நன்று. பிரித்தானியச் சட்டத்தில் 'வேர்க்கர்' எனப்படுபவருக்குக் குறைந்தபட்ச ஊதியம், சம்பளத்துடனான விடுமுறை, வேலைநேர இடைவேளை, பாரபட்சத்திலிருந்து பாதுகாப்பு ஆகியவை உண்டு. நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான வழக்குரிமையும் ஆட்குறைப்பு இழப்பீடும் 'எம்ப்ளோயி' என்ற நிலை உடையோருக்கே உரியன. உணவகங்களிலும், பொருள் விநியோகத்திலும், துப்புரவுப் பணியிலும் 'நீங்கள் சுயதொழில் செய்பவர்' என்று சொல்லப்பட்டு வேலை வாங்கப்படும் எம்மவர் எத்தனை பேர்! ஓவியக்கூடத்தில் நின்ற பட்டதாரிகளுக்கும், சமையலறையில் நிற்கும் எம் தம்பிமாருக்கும் வழக்கு ஒன்றுதான்.

நாளை வேலை உண்டோ என்ற ஐயத்தோடு இன்று உற்சாகமாக இருத்தல் இயலாது. பணிச்சோர்வைப் போக்க யோகாசன வகுப்பு நடத்துவதிலும் பார்க்க, ஒழுங்கான நியமனக் கடிதமொன்றை வழங்குவது பெரும்பயன் தரும்.

முதலில் நீக்கப்பட்டோர்

2020இல் கொரோனாத் தொற்று உலகை முடக்கியபோது அருங்காட்சியகங்களும் மூடப்பட்டன. நியூயோர்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவ்வாண்டு வசந்த காலத்திலேயே, ஒப்பந்த அடிப்படையிற் பணியாற்றிய கல்விப் பணியாளரின் ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டது. அதே நகரில், ஓர்ச்சர்ட் வீதி 97ஆம் இலக்கத்திலுள்ள தொடர்மாடிக் குடியிருப்பு அருங்காட்சியகம், அவ்வாண்டு யூலையில் எழுபதுக்கும் மேற்பட்ட பகுதிநேரக் கல்விப் பணியாளரை நீக்கியது.

இந்த இரண்டாவது அருங்காட்சியகம் எமக்கு நெருக்கமானது. 1863இற் கட்டப்பட்ட அக்கட்டடத்தில் 1935 வரையான காலத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் குடியிருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. ஜேர்மனியர், அயர்லாந்துக்காரர், கிழக்கு ஐரோப்பிய யூதர், இத்தாலியர் என வந்தேறிய ஏழைத் தொழிலாளர் ஒடுங்கிய அறைகளில் தைத்தும் சமைத்தும் பிள்ளை பெற்றும் வாழ்ந்த கதையை அங்கு சொல்கிறார்கள். பேழைக்குள் வைத்துக் காட்டப் பெரும் பொருட்கள் அங்கில்லை. சொல்பவரின் குரலே அந்த அருங்காட்சியகம். குடிபெயர்ந்த தொழிலாளரின் துயரை நாள்தோறும் எடுத்துரைத்தவர்களே, நெருக்கடி வந்தபோது வேலையிழந்த தொழிலாளராயினர்.

நிர்வாகங்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. நுழைவுச்சீட்டு வருமானம் முற்றாக நின்றபோது சம்பளம் கொடுக்க வழி சுருங்கியது உண்மையே. ஆனாற் சிக்கனம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது ஒரு நிறுவனம் எதனை முக்கியமெனக் கருதுகிறது என்பதைக் காட்டிவிடும். பொருட்கள் காக்கப்பட்டன. பொருளைப் பேச வைப்பவர்கள் போயினர். மீண்டும் கதவு திறந்தபோது, எஞ்சியிருந்த சிலர் பலரின் சுமையைச் சுமக்க நேர்ந்த இடங்களும் உண்டு.

சொந்தக் காயத்தின் முன் நின்று

கல்விப் பணியாளரின் சோர்வு வேலைப்பளுவால் மட்டும் வருவதன்று. கேட்கத் துயரமான கதையை மீண்டும் மீண்டும் சொல்வதாலும் வருகிறது. அடிமை வாணிபம், இன அழிப்பு, போர் ஆகியவற்றைக் காட்டும் கூடங்களில் நிற்போர், தாம் அனுபவிக்காத துயரையும் தம்முள் ஏற்றுக்கொள்கின்றனர். தாம் அனுபவித்த துயராகவே அது இருந்துவிட்டால்?

2015ஆம் ஆண்டின் இறுதியிற் பேர்லினில் 'முல்தக்கா' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. அரபு மொழியில் அச்சொல்லுக்குச் 'சந்திக்குமிடம்' என்பது பொருள். சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் தஞ்சம் புகுந்தோரை வழிகாட்டிகளாகப் பயிற்றி, பிற அகதிகளுக்கு அவர்கள் தாய்மொழியிலேயே அருங்காட்சியகங்களைச் சுற்றிக் காட்டச் செய்வதே திட்டம். இசுலாமியக் கலை அருங்காட்சியகம், பண்டைய அண்மைக் கிழக்கு அருங்காட்சியகம், போடே அருங்காட்சியகம், ஜேர்மன் வரலாற்று அருங்காட்சியகம் ஆகிய நான்கும் இதிற் பங்குகொண்டன. பின்னர் ஒக்ஸ்போர்ட் நகரின் அருங்காட்சியகங்களும் இதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கின.

பேர்லின் இசுலாமியக் கலை அருங்காட்சியகத்தில் 'அலெப்போ அறை' எனப்படும் ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெப்போ நகரின் கிறித்தவ வணிகர் ஒருவர் வீட்டிலிருந்த, வண்ண வேலைப்பாடுடைய மரச் சுவர்ப் பலகைகள் அங்கு வைக்கப்பட்டன. அவ்வருங்காட்சியகம் அமைந்துள்ள பேர்கமொன் கட்டடம் புனரமைப்புக்காக 2023 ஒக்டோபரில் முற்றாக மூடப்பட்டது. ஆனால் 2016ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அலெப்போ நகரின்மேற் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலம் அது. அந்நாட்டிலிருந்து தப்பி வந்த ஒருவர் பேர்லினில் அவ்வறையின் முன் நின்று, அதன் அழகைத் தம்மைப் போன்ற அகதிகளுக்கு விளக்கும் நிலை எத்தகையது? அவருக்கு அது பெருமை. "நாம் வெறுங்கையோடு வந்தவர்கள் அல்லர்" என்று சொல்லக் கிடைத்த இடம். அதே வேளை அது ஆறாத காயத்தை நாள்தோறும் தொட்டுப் பார்ப்பதுமாகும்.

எரிந்த நூலகத்தையும் இடிந்த கோயிலையும் விட்டுவந்த எமக்கு இதனை விளக்கத் தேவையில்லை. அகதியின் கதை கேட்போருக்கு ஒரு மணி நேரம். சொல்பவருக்கு அது ஒரு வாழ்நாள். எனவே அகதிகளை வழிகாட்டிகளாக்கும் எந்த நிறுவனமும் இரண்டு உறுதிகளை வழங்க வேண்டும். ஒன்று, சொந்தக் கதையைச் சொல்வதா விடுவதா என்பதை அவரே தீர்மானிக்கும் உரிமை. மற்றது, சொல்லி முடித்த பின் அவரோடு அமர்ந்து பேச ஒருவர்.

செய்யத்தக்கவை

கிறிஸ்ரினா மஸ்லாக்கும் மைக்கேல் லைற்றரும் வேலைத்தலத்திற் சோர்வு விளையும் இடங்களாக ஆறினைக் கூறினர். அவற்றை அருங்காட்சியகத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஒன்று, வேலைப்பளு. ஒரு நாளில் ஒருவர் நடத்தக்கூடிய சுற்றுக்களுக்கு எல்லை வேண்டும். இரு சுற்றுக்களுக்கிடையில் உட்கார்ந்து நீரருந்தவாவது நேரம் வேண்டும். குரல் என்பதும் உடலுறுப்பொன்றின் உழைப்பே. இரண்டு, தன்னாட்சி. எந்தப் பொருளை எவ்வாறு விளக்குவது என்பதிற் சொல்பவருக்கு இடமளிக்க வேண்டும். எழுதிக் கொடுத்ததை ஒப்புவிப்பவர் விரைவில் ஓய்ந்துபோவார். மூன்று, கைம்மாறு. சுற்றுக்கு முன்னான வாசிப்புக்கும் ஆயத்தத்துக்கும் ஊதியம் வழங்கப்பட வேண்டும். அந்த நேரத்தை வீட்டிலிருந்து களவாடுவது முறையன்று.

நான்கு, தோழமை. பகுதிநேரப் பணியாளர் ஒருவரையொருவர் காணாமலே வந்துபோகும் இடங்கள் உண்டு. மாதமொருமுறை ஊதியத்தோடு கூடிய சந்திப்பு, சிறிய ஓய்வறை, மூத்தவரோடு புதியவரை இணைத்தல் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பனவல்ல. ஐந்து, நியாயம். பார்வையாளர் ஒருவர் நிறத்தையோ உச்சரிப்பையோ பழித்தால், பணியாளர் புன்னகையோடு பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது நியாயமாகாது. சுற்றை நிறுத்திக்கொள்ளும் உரிமை அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். ஆறு, விழுமியம். சமத்துவத்தைச் சுவரில் எழுதிவைத்த நிறுவனம் அதனைச் சம்பளப் பட்டியலிலும் காட்டவேண்டும்.

இவையெல்லாம் தயவு கேட்டு நிற்பனவல்ல. தொழிலாளரின் பாதுகாப்பையும் நலத்தையும் வேலையோடு தொடர்புடைய எல்லா அம்சங்களிலும் உறுதிசெய்வது வேலைகொடுப்போரின் கடமை என்று ஐரோப்பியச் சமூகத்தின் 1989ஆம் ஆண்டுப் பணிப்புரை கூறுகிறது. பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டின் சட்டம் அதே கடமையை விதிக்கிறது. அழுத்தத்தைக் குறைப்பதும் அக்கடமையுள் அடங்கும்.

எம் பங்கு

பிள்ளைகளோடு அருங்காட்சியகம் செல்லும் பெற்றோர், சுற்று முடிந்ததும் நன்றி கூறுவதோடு, நிறுவனத்துக்கு நான்கு வரி எழுதி அனுப்பலாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் அந்த நான்கு வரிகள் அவருக்குத் துணை நிற்கக்கூடும்.

புகலிடக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருப்போர்க்கும் ஒரு சொல். பிரித்தானியாவில் இந்நிலையில் உள்ளோர் பொதுவாக ஊதியத்துக்கு வேலை செய்ய அனுமதிக்கப்படுவதில்லை. ஆயினும் அறநிறுவனங்களிலும் பொதுத்துறை அமைப்புகளிலும் தொண்டராகப் பணியாற்றலாம். அருங்காட்சியகத் தொண்டு மொழியையும் நண்பரையும் தரும். வெறுமையாகக் கழியும் நாளுக்கு ஒரு பொருளையும் தரும். ஆனாற் போக்குவரத்துச் செலவு கிடைக்குமா, வாரத்தில் எத்தனை மணி நேரம், யாரிடம் முறையிடலாம் என்பவற்றை முதல் நாளிலேயே கேட்டறிந்து கொள்ளுங்கள். வேறொருவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையைத் தொண்டு என்ற பெயரில் உங்களிடம் ஒப்படைக்க முயன்றால், மறுப்பது நன்றிகேடு ஆகாது.

இறுதியாக, எம் வீட்டுக்குள்ளும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். சனிக்கிழமைகளில் எம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியைமார், வாரம் முழுவதும் வேறெங்கோ உழைத்துவிட்டு, ஓய்வு நாளையும் எமக்குத் தருபவர்கள். "அவ விரும்பித்தானே செய்யிறா" என்று நாமும் சொல்வதுண்டு. நிர்வாகங்கள் சொல்லும் அதே சொல்! அவர்களில் ஒருவர் இவ்வாண்டு ஓய்வு கேட்டால், காரணம் கேட்டு மடக்காமல், வகுப்பை ஏற்க இன்னொருவரைத் தேடித் தருவோம்.

திரி கருகிய பின் எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. எரிந்துகொண்டிருக்கும்போதே பார்த்து ஊற்ற வேண்டும்.